தரங்கம்பாடி: அப்பம் கொடுக்கக் கூடாத கை

தரங்கம்பாடியில் காலெடுத்து வைத்தால் 'முதல்' என்ற சொல் இடறிக்கொண்டே இருக்கும். இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் இறங்கிய கரை இது. இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சேறிய ஊர் இது. இந்தியர் ஒருவர் முதன்முதலாகப் புராட்டஸ்டண்ட் குருப்பட்டம் பெற்றதும் இங்கேதான். ஊரைப் பற்றி எழுதுகிறவர்களும் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் இந்த 'முதல்'களை வரிசையாக அடுக்குவார்கள். அடுக்கட்டும், பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருத்தரை முதல் ஆளாக நிறுத்த வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிற இன்னொருத்தரைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருக்கும். தள்ளி நிற்கச் சொன்னது யாரை, என்ன காரணத்துக்காக என்று பார்க்கிற வேலை நம்முடையது.

எனக்கு ஒரு தனியார் கம்பெனியில் வேலை. வாரத்தில் ஒருநாள் லீவு. லீவு நாளில் தனியாளாகக் கிளம்பி ஒரு ஊரைச் சுத்திப் பார்த்துவிட்டு வருவது என்பது எங்க தெருவில் யாருக்கும் பழக்கம் இல்லாத காரியம். லீவுன்னா துணி துவைக்கணும், ரேஷனுக்கு நிக்கணும், விட்டுப்போன சாவுக்குத் துக்கம் கேட்கப் போகணும். "எங்கடா கிளம்பிட்ட?" என்று அம்மா கேட்டது. "தரங்கம்பாடிக்கு." "அங்க யாரு இருக்கா?" "யாரும் இல்ல, சும்மா பாத்துட்டு வர்றேன்." அம்மாவுக்கு அந்த 'சும்மா' புரியவில்லை.

புரியாததில் நியாயம் இருக்கிறது. வேலை இல்லாமல் ஒரு தெருவில் நடப்பது என்பது நம்ம சனங்களுக்குச் சமீபத்தில் கிடைத்த உரிமை. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எல்லாருக்கும் பொது என்று சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேறியதே 1924இல்தான். தீர்மானம் காகிதத்திலிருந்து தெருவுக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆனது என்பது ஊருக்கு ஊர் வேறு கதை. நோக்கம் இல்லாமல் நடக்கிறவனைத் தெரு இன்னமும் கேள்வி கேட்கத்தான் செய்கிறது.

மாயவரத்தில் பஸ் ஏறினால் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் தாண்டித் தரங்கம்பாடி. மெயின் ரோட்டில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை வாசல் வரும். வெள்ளை அடித்த வாசல். அதற்குள் நுழைந்தால் ராஜ வீதி. சத்தமே இல்லாத தெரு. ரெண்டு பக்கமும் பெரிய தூண் வைத்த பழைய வீடுகள், பள்ளிக்கூடம், தேவாலயங்கள். தெருக்கோடியில் கடல். அரை மணி நேரத்தில் முழு ஊரையும் நடந்து முடித்துவிடலாம். முடிக்காமல் நிற்பதற்குத்தான் காரணங்கள் நிறைய இருக்கின்றன.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசனுக்கும் ஒப்பந்தம் ஆனது. மிளகு வியாபாரத்துக்காக வந்த டேனிஷ் கம்பெனி கடலோரத்தில் ஒரு கோட்டை கட்டியது. நாயக்கர் டென்மார்க் அரசனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. இருநூற்று இருபத்தைந்து வருஷம் கழித்து, 1845இல், வங்காளத்திலிருந்த செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இந்த ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரை விற்றார்கள் என்று நாம் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகிறோம். ஊர் விற்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே ஆட்கள் விற்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோட்டைக்குள் இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பீங்கான், காசு, பழைய ஆயுதம் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கிறது. கண்ணாடிக்குள் வைக்க முடியாத சரக்கு ஒன்று இந்தக் கடற்கரையில் விலை போனது. பஞ்சம் வந்தபோதெல்லாம் சோழமண்டலக் கரையில் அடிமை வியாபாரம் பெருகியது. கடனுக்காகத் தன்னை விற்றவர்கள் உண்டு. பிள்ளைக்காவது கஞ்சி கிடைக்கட்டும் என்று பிள்ளையை விற்ற தாய்மார் உண்டு. டச்சுக்காரன், போர்ச்சுக்கீசியன், டேனிஷ்காரன் என்று எல்லாக் கம்பெனிக்காரனும் வாங்கினான். தரங்கம்பாடியில் ஐரோப்பியர் வீடுகளில் சமைத்தது, பெருக்கியது, பிள்ளை வளர்த்தது அடிமைகள். வெளியே தஞ்சாவூர்ச் சீமையில் வயலோடு சேர்த்து எழுதி வாங்கப்பட்ட பள்ளர், பறையர் அடிமைத்தனம் இதற்கெல்லாம் முந்தியது. வெள்ளைக்காரன் அடிமைமுறையைப் புதிதாக இங்கே கொண்டுவரவில்லை. தயாராக இருந்த சந்தையில் அவனும் ஒரு கடை போட்டான். அடிமை உடைமையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று கம்பெனி ஆட்சி சொன்னது 1843இல்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த 'முதல்'கிட்டே போக வேண்டும். 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்க், புளூச்சோ என்ற ரெண்டு ஜெர்மன் மிஷனரிகள், டென்மார்க் அரசன் அனுப்பி இந்தக் கரையில் இறங்கினார்கள். இறங்கிய இடத்தில் நினைவுக் கல் இருக்கிறது. அடுத்த வருஷம், 1707 மே 12ஆம் தேதி, அவர்கள் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஐந்து பேர். ஐந்து பேரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். புராட்டஸ்டண்ட் திருச்சபையின் முதல் இந்தியச் சபை அடிமைகளோடு ஆரம்பித்தது. வெள்ளாளரோடு இல்லை, வியாபாரியோடு இல்லை. கடலோரத்தில் ஒரு சமையல்கட்டிலிருந்தும் கொல்லைப்புறத்திலிருந்தும் எழுந்து வந்த ஐந்து பேரோடு. மதமாற்றத்தைப் பற்றி இன்றைக்கு வாய் கிழியப் பேசுகிறவர்கள் 'ஆசை காட்டினார்கள்' என்கிறார்கள். விற்கப்பட்ட ஒரு மனிதனுக்கு, 'உனக்கும் ஆத்துமா உண்டு' என்று ஒருத்தர் சொல்வது என்ன மாதிரி ஆசை என்று அவர்கள் யோசித்ததில்லை.

சீகன்பால்க்கைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் கம்பெனிக்கு அடங்கிய பாதிரியாராக இருக்கவில்லை. 1708இல் ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் குறுக்கிட்டதில் கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரைப் பிடித்து நாலு மாதம் இதே கோட்டையில் அடைத்து வைத்தார். மண்ணில் எழுதிப் படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டார். 1713இல் தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்த மேலிடத்துப் பெரியவர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். நூற்றைம்பது வருஷம் கழித்து 1867இல் சென்னையில்தான் அச்சானது. 1713இல் தமிழ் எழுத்து வந்து, 1714, 1715இல் புதிய ஏற்பாடு வந்தது. பக்கத்துப் பொறையாரில் காகித ஆலைகூட வைத்தார்கள். தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகம் இதற்கெல்லாம் முன்னால், 1578இல், கொல்லத்தில் வந்துவிட்டது. ஆனால் கடையில் உப்பு வாங்குகிறவன் கைக்கும் போய்ச் சேருகிற மாதிரி புத்தகத்தை ஊர் ஊராக அனுப்பியது தரங்கம்பாடி.

அப்படிப் போன புத்தகங்களில் ஒன்று ஒரு சிப்பாய் கையில் கிடைத்தது. தஞ்சாவூர் மராத்திய அரசின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்பவர் அவர். கத்தோலிக்கப் பறையர் குடும்பம். எழுதப் படிக்கத் தெரிந்தவர். பறையருக்கு எழுத்து கிடையாது, படை கிடையாது, பறையும் வயலும்தான் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே, அந்தப் பாடத்தை இந்த ஒரு ஆள் கிழித்துப் போடுகிறார். புத்தகத்தைப் படித்தார். தரங்கம்பாடிக்கு வந்தார். 1720களின் கடைசியில் படை உத்தியோகத்தை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார்.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய மிஷனரி தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் நினைத்தபடி போக முடியாது. அரசன் அனுமதி வேண்டும். ஆக, உள்நாட்டில் சபை வளர்ந்தது என்றால் உபதேசியார்களின் காலால் வளர்ந்தது. அதில் ராஜநாயக்கன் பெரிய ஆள். எதிர்ப்பு வந்தது, வன்முறையாகவே வந்தது. அவர் விடவில்லை. அவரைப் பற்றிய செய்திகள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அச்சான மிஷன் அறிக்கைகளில் இருக்கின்றன. ஒரு பறையரின் பெயரை 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன்காரன் வாசித்துத் தெரிந்துகொண்டிருக்கிறான். அவர் பிறந்த மண்ணில் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்ல ஆள் இல்லை.

1733இல் மிஷனரிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வேலை பெருகிவிட்டது, தமிழர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்க வேண்டும். பேச்சில் அடிபட்ட பெயர்களில் ஆரோன் ஒருவர், ராஜநாயக்கன் ஒருவர். ஆரோன் கடலூர்ப் பக்கத்து வெள்ளாளர். ராஜநாயக்கனைப் பற்றி மிஷனரிகளுக்குக் குறை ஒன்றும் இல்லை, மெச்சித்தான் எழுதினார்கள். ஆனால் அவர் பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1733 டிசம்பர் 28ஆம் தேதி ஆரோனுக்குக் குருப்பட்டம் ஆனது. 1741இல் தியோகு என்பவருக்கு ஆனது. ராஜநாயக்கன் 1771இல் சாகும்வரை உபதேசியார்.

ஆரோன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உழைத்த மனிதர், மாயவரம் பக்கத்துச் சபைகளைப் பார்த்துக்கொண்டவர், 1745இல் இறந்தார். கேள்வி அவரைப் பற்றியது இல்லை. காரணத்தைக் கவனியுங்கள். 'அவருக்குப் படிப்பு போதாது' என்று சொல்லவில்லை. 'ஒழுக்கம் சரியில்லை' என்று சொல்லவில்லை. கை! அந்தக் கையில் பைபிள் இருக்கலாம். அந்தக் கை ஓலை எழுதலாம், கதவைத் தட்டலாம், பிணத்தைத் தூக்கலாம், ஊர் ஊராகப் போய்ச் சபை சேர்க்கலாம். ஒரு துண்டு அப்பத்தை எடுத்து இன்னொரு கையில் வைக்கக் கூடாது. சாதி எங்கே குடியிருக்கிறது என்று ஆயிரம் பக்கம் ஆய்வு எழுதுகிறார்கள். 1733இல் தரங்கம்பாடியில் அது ரெண்டு கைக்கு நடுவில் இருக்கிற நாலு விரல்கடை இடத்தில் குடியிருந்தது. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தவனுக்கும் அதே இடம்தான் பிரச்சினை.

1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் ராஜ வீதியில் இருக்கிறது. உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் 1719இல் இறந்த சீகன்பால்க்கின் கல்லறை. கோயில் சிலுவை வடிவத்தில் கட்டியது, நாலு பக்கமும் நாலு கை மாதிரி நீண்டிருக்கிறது. அந்தக் கோயிலில் சாதிக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் இடம் பிரித்து உட்கார்ந்தார்கள். முதல் ஞானஸ்நானம் வாங்கிய அடிமைகளின் வழியில் வந்தவர்கள் பதினைந்து இருபது வருஷத்துக்குள் கோயிலின் ஒரு ஓரத்துக்குப் போய்விட்டார்கள். வீடு கட்டியவன் திண்ணையில், வாடகைக்கு வந்தவன் கூடத்தில்.

கோயில் வளாகத்தில் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"எங்கேருந்து வர்றீங்க தம்பி?"

"மாயவரம் பக்கம், ஐயா."

"வேலையா வந்தீங்களா?"

"இல்லீங்க, சும்மா பாக்க வந்தேன்."

"நம்ம சபையா?"

"ஆமாங்க. எங்க தாத்தா உபதேசியாரா இருந்தாரு."

"அப்பிடியா, சந்தோஷம்." கொஞ்சம் நேரம் விட்டார். "ஊர்ல எந்தத் தெரு?"

முந்நூறு வருஷமாகக் கேட்கப்படுகிற கேள்வி. கெட்ட மனுஷன் இல்லை, தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டவர். கேள்வி அவர் வாயிலிருந்து தானாக வந்தது. "சேரிங்க" என்றேன். "ஓ" என்றார். பிறகு வெயிலைப் பற்றிப் பேசினோம்.

தாத்தா விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எந்த ஊர், எந்தச் சபை என்பது இங்கே வேண்டாம். தாத்தா முப்பத்தெட்டு வருஷம் உபதேசியார். வரப்பிலேயே நடந்து ஆறு கிராமம் பார்த்துக்கொண்டவர். மாதத்தில் ஒருநாள் ஐயர் வருவார். (பிராமணரை வேண்டாம் என்று ஓடிவந்த நாங்கள் எங்கள் குருவை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுகிறோம். அது தனியாக எழுத வேண்டிய கதை.) ஐயர் வருகிற நாளில் தாத்தா விடியற்காலையில் எழுந்து கோயிலைப் பெருக்கி, தட்டைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து வைப்பார். ஒரே ஒருதரம், 'நானும் படித்து ஐயர் ஆகலாமா?' என்று பெரியவர்களிடம் கேட்டிருக்கிறார். "உனக்கு எல்லாத் தகுதியும் இருக்கு. ஆனா சபை ஏத்துக்காதே" என்றார்களாம். பாட்டி இதைச் சொல்லும்போது அந்தக் கடைசி வார்த்தையைத் தாத்தா குரலிலேயே சொல்லும். ராஜநாயக்கனைப் பற்றிப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, அந்த வார்த்தை தாத்தாவுக்காகப் புதிதாகச் செய்தது இல்லை என்று. தரங்கம்பாடியில் செய்து, கைமாறிக் கைமாறி எங்க ஊர் வரைக்கும் வந்து சேர்ந்த வார்த்தை அது.

வந்து சேர்ந்த வழியும் மறைவானது இல்லை. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே ஒழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்து வெளியே போனார்கள். 1840களில் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் லீப்சிக் மிஷன், சாதி ஒரு சமூகப் பழக்கம்தான், அதை மெதுவாகத்தான் மாற்ற வேண்டும் என்று நிலை எடுத்தது. வெளியே போனவர்களில் பலர் அங்கே வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த நிலைக்கு வாதாடிய லீப்சிக் தலைவர் கார்ல் கிரவுல் பெரிய தமிழறிஞர், 1856இல் திருக்குறளை ஜெர்மனில் கொண்டுவந்தவர். குறளை மொழிபெயர்த்த கை வேறு, திருவிருந்துத் தட்டைத் தாண்டாத கை வேறு என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 'மெதுவாக' என்ற சொல்லுக்கு அடியில் எத்தனை தலைமுறை உபதேசியார்கள் புதைந்து கிடக்கிறார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

மத்தியானம் கடற்கரைக்குப் போனேன். கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, பாதியைக் கடல் தின்றுவிட்டது. டேனிஷ்காரன் வருவதற்கு முன்னூறு வருஷம் முன்பே ஊர் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தக் கோயிலுக்குள்ளும் நம்மை விட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்கு நினைவு வந்தது. கடலுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை, சுவரை உடைத்துக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டது.

வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் ரெண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரையும் அடித்தது. அதைப் பற்றிக் கேட்டேன்.

"தண்ணி வந்தப்ப யாரு எவருன்னு பாக்கல தம்பி. எல்லாத்தையும் ஒண்ணாத்தான் இழுத்துச்சு. அப்பறம் சோறு குடுக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, அப்பத்தான் நீ அந்தப் பக்கம் போ, நீ இந்தப் பக்கம் போன்னு ஆச்சு."

அந்த அம்மா சொன்னது ஒரு ஊரின் கதை மட்டும் இல்லை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதையும், தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க விடாததையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. 1733இல் அப்பம், 2004இல் சோற்றுப் பொட்டலம். எடுத்துக் கொடுக்கிற கைக்கும் வாங்குகிற கைக்கும் நடுவில் அதே நாலு விரல்கடை.

சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியைப் பழைய அழகுக்குக் கொண்டுவர நிறையச் செலவு செய்தார்கள். டேனிஷ் காலத்துக் கட்டடங்களைப் பழுது பார்த்தார்கள். சுண்ணாம்பு, செங்கல், தேக்கு எல்லாம் பழைய முறையில். நல்ல காரியம், பார்க்க அழகாக இருக்கிறது. பாரம்பரியம் என்றால் கட்டடம் என்று முடிவு செய்த பிறகு வேலை சுலபம். எந்தச் சுவரில் யார் கை பட்டது, எந்தப் படிக்குக் கீழே யார் நின்றார்கள் என்பதைப் பழுது பார்க்க எந்தக் கொத்தனாரையும் கூப்பிட முடியாது. அதை நாமேதான் செய்ய வேண்டும்.

செய்ய முடியும் என்பதற்கு ராஜநாயக்கனே அத்தாட்சி. தள்ளி வைத்தவர்களின் அறிக்கைக்குள்ளேயே அவர் இருக்கிறார். தள்ளி வைத்த காரணத்தையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம வரலாறு எங்கேயும் இல்லை என்று நாம் புலம்பிக்கொண்டிருக்கிறோம். பல இடத்தில் அது மற்றவன் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கத்தில் கிடக்கிறது. சபைப் பதிவேடுகளில், ஞானஸ்நானக் குறிப்புகளில், உபதேசியார் சம்பளப் பட்டியல்களில் தேடினால் ஆள் கிடைப்பார்கள். அதைவிட அவசரமானது வீட்டுக்குள் இருக்கிறது. உபதேசியார்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கு ஐம்பது, அறுபது, எழுபது வயசில் இருக்கிறார்கள். அவர்கள் ஞாபகத்தில் இருப்பதை எழுதி வாங்காவிட்டால் இன்னும் இருபது வருஷத்தில் அதுவும் இல்லை. இந்தப் பக்கங்களைப் படிக்கிற மாணவர்கள், எழுதுகிறவர்கள் ஆளுக்கு ஒரு உபதேசியாரைத் தேடிப் பிடித்து எழுதினாலே போதும், தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தின் வரலாறு வேறு மாதிரி நிற்கும். பள்ளிக்கூட வாத்தியார், நர்சம்மா, பைபிள் ஸ்திரீ என்று இந்த வரிசை நீளும்.

நான் என் பங்குக்குத் தாத்தாவில் ஆரம்பித்திருக்கிறேன். அவர் நடந்த ஆறு கிராமத்தின் பெயரையும் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு கிராமத்திலும் அவர் கையால் புதைத்தவர்கள் எத்தனை பேர் என்று பாட்டிக்குக் கணக்கு தெரிகிறது. சாவுக்கு அந்தக் கை வேண்டியிருந்தது.